சேற்றுப்புண்ணுக்கு வந்தவரின் காய்ப்புக்குள் இருந்த புண்: நீரிழிவுப் பாதம், ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 57. ஆண். இரண்டாம் வகை நீரிழிவு 14 ஆண்டுகளாக உள்ளது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுத்து வருகிறார். நாளின் பெரும்பகுதி நின்றபடியே செய்யும் வேலை. வலது காலில் நான்காம், ஐந்தாம் விரல்களின் இடுக்கில் ஆறு வாரமாக அரிப்பும் நாற்றமும் இருப்பதாகச் சொல்லி வந்தார். "வலி ஒண்ணும் இல்ல டாக்டர், அரிப்புதான் தாங்க முடியல" என்றார். உள்ளங்காலில் இருந்த காய்ப்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. காலுறையைக் கழற்றி, காலைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. (ஒத்த போக்குடைய பல நிகழ்வுகளை, அடையாளம் தெரியாதபடி ஒரே நபரின் வரலாறாகச் சேர்த்து இந்த ஆய்வு எழுதப்பட்டுள்ளது.)

வருவதற்கு முன் அவர் மூன்று வைத்தியங்கள் செய்திருந்தார். விரலிடுக்கில், வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பு. பித்தவெடிப்புக்கு வாங்கிய பெட்ரோலியம் ஜெல்லியை குதிகாலில் தொடங்கி விரல் நுனி வரை, இடுக்குகளையும் விடாமல், தினமும் இரவில் பூசியிருந்தார். உள்ளங்காலில் இருந்த காய்ப்பைக் 'கால் ஆணி' என்று நினைத்து, 40 சதவீத சாலிசிலிக் அமில பிளாஸ்டரை நான்கு நாளுக்கு முன் ஒட்டியிருந்தார். மூன்றுமே அததற்கான இடத்தில் பயன்படும் பொருள்கள்தான். இந்தப் பாதத்தில் மூன்றும் தவறான இடத்தில் போய் உட்கார்ந்தன. நடந்தவை பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

பரிசோதனையில் கண்டவை

விரலிடுக்குத் தோல் தண்ணீரில் ஊறிய காகிதம்போல வெளுத்துத் தடித்திருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோது அடியில் 6 மி.மீ. நீளத்தில் சிவந்த வெடிப்பு தெரிந்தது. குதிகாலிலும் பாதத்தின் ஓரங்களிலும் வறட்சி, இரண்டு ஆழமான வெடிப்புகள். ஆனால் அந்த வறட்சியை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும்: தோலின் கோடுகளுக்குள் மட்டும் மாவு தூவியதுபோல் நுண்ணிய வெள்ளைச் செதில்கள். வெறும் வறட்சியில் செதில் இப்படிக் கோடு பிடித்து ஓடாது. பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்திருந்தது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் முதலில் பூஞ்சையைத்தான் நினைக்க வேண்டும்.

பெருவிரலின் அடிமூட்டுக்குக் கீழே 22 × 18 மி.மீ. அளவில் காய்ப்பு. அமிலம் பட்ட விளிம்புகள் வெளுத்துக் கூழாகியிருந்தன. நடுவில் கருஞ்சிவப்பாக 4 மி.மீ. புள்ளி. காய்ப்புக்குள் இரத்தக் கசிவு தெரிந்தால் அதன் அடியில் திசு ஏற்கெனவே நசுங்கிவிட்டது என்று பொருள். அதைக் காய்ப்பு என்று குறித்துவிட்டு நகரக் கூடாது, திறந்து பார்க்கும் வரை புண்ணாகவே கருத வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியில் அந்த இடம் 33.8 டிகிரி செல்சியஸ், இடது காலின் அதே இடம் 30.9. இரண்டு கால்களின் ஒரே இடங்களுக்கு இடையே 2.2 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் உள்ளே அழற்சி இருப்பதாக எடுத்துக்கொள்வது வழக்கம். இங்கே 2.9.

உணர்வைச் சோதிக்க 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழை பயன்படுத்தப்பட்டது. கண்ணை மூடச் சொல்லி, இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை அழுத்தி, இரண்டு நொடிக்குள் எடுத்துவிட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கேட்கிறோம், அதில் ஒருமுறை தொடாமலே "இப்போது தெரிகிறதா?" என்று கேட்க வேண்டும். காய்ப்பின் மேல் வைத்தால் நல்ல நரம்புள்ளவருக்கும் உணர்வு தெரியாது, ஆகவே அதன் ஓரத்தில் வைக்க வேண்டும். ஒரே இழையை ஒரே நாளில் பலருக்குப் பயன்படுத்தினால் அது தளர்ந்து 10 கிராமுக்கும் குறைவான அழுத்தத்திலேயே வளையும். அப்போது உணர்வு உள்ளவரும் தெரியவில்லை என்பார். இவர் வலது காலில் சோதித்த மூன்று இடங்களிலும் உணரவில்லை, இடது காலில் ஓரிடத்தில் மட்டும் உணர்ந்தார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு இரண்டு பெருவிரல்களிலும் தெரியவில்லை.

இரத்த ஓட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. பாதத்தின் மேல் நாடி கைக்குத் தட்டுப்பட்டது. கணுக்கால்–கை இரத்த அழுத்த விகிதம் 1.36. குறைவாக இல்லையே என்று இதோடு விட்டுவிடுவது எளிது. நீரிழிவில் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிட்டால், கஃப்பால் அதை அமுக்க முடியாது, எண் பொய்யாக உயரும். 1.3-ஐத் தாண்டிய விகிதத்தை நல்ல செய்தியாக வாசிக்கவே கூடாது. விரல் தமனிகளை இந்தச் சுண்ணாம்பு அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்பதால் பெருவிரலின் அழுத்தம் அளக்கப்பட்டது: 68 மி.மீ. பாதரசம், கையில் 136. விகிதம் 0.5. இயல்பாக 0.7-க்குக் குறையக் கூடாது. ஆகத் தமனி அடைப்பு இருக்கிறது. ஆனால் விரல் அழுத்தம் 30-க்குக் கீழே போனால்தான் இரத்தநாள அறுவை நிபுணரை அவசரமாக அழைக்க வேண்டிய நிலை. 68-இல் புண் ஆற வாய்ப்பு நன்றாகவே உண்டு. இரத்தம் உறைவதைக் குறைக்க ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டினும் அன்றே தொடங்கப்பட்டன.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.4 சதவீதம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 62, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் 38. காய்ச்சல் இல்லை.

ஒரே பாதத்தில் ஈரமும் வறட்சியும்

நீரிழிவு பாதத்தின் மூன்று வகை நரம்புகளையும் தாக்குகிறது. உணர்வு நரம்பு போனால் வலி போகிறது. இயக்க நரம்பு போனால் பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் நகம்போல வளைகின்றன, அடிமூட்டு எலும்புகளின் முனைகள் கீழே துருத்துகின்றன, அவற்றைத் தாங்கியிருந்த கொழுப்பு மெத்தை முன்னால் நழுவிவிடுகிறது. தன்னியக்க நரம்பு போனால் வியர்வை நின்று உள்ளங்காலும் குதிகாலும் காய்ந்து வெடிக்கின்றன. அதே பாதத்தில், வளைந்து நெருங்கிய விரல்களின் இடுக்கில் காற்று புகாமல் ஈரம் தங்குகிறது. மூடிய செருப்பும் நாள் முழுக்க நிற்பதும் அந்த ஈரத்தைக் காக்கின்றன.

ஆகவே குதிகாலுக்கு வேண்டியது ஈரப்பதம், விரலிடுக்குக்கு வேண்டியது வறட்சி. ஒரு கிரீமை எடுத்துக் கால் முழுக்கத் தேய்ப்பதால் வரும் கேடு இதுதான். இவர் பூசிய பெட்ரோலியம் ஜெல்லி குதிகாலுக்கு ஓரளவு உதவியது, இடுக்கிலோ ஈரத்தின் மேல் மூடி போட்டதுபோல் ஆகிவிட்டது.

ஸ்டீராய்டு கலந்த களிம்பின் வேலை வேறு மாதிரி. அரிப்பும் சிவப்பும் இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சையோ தோலின் எதிர்ப்பு குறைந்ததால் பரவும். செந்நிற விளிம்பும் செதிலும் மங்கிவிடுவதால் அடுத்துப் பார்ப்பவருக்கும் அது படர்தாமரை என்று தெரியாது. களிம்பை நிறுத்தினால் அரிப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பும், உடனே நோயாளி மறுபடியும் அதையே வாங்குவார்.

சாலிசிலிக் அமிலத்துக்குக் காய்ப்பு எது, நல்ல தோல் எது என்று பிரித்தறியத் தெரியாது. தோலின் கடினப் புரதமான கெரட்டினைக் கரைத்துக்கொண்டே போகும். உணர்வுள்ளவர் எரிச்சல் தொடங்கியதும் பிய்த்துப் போடுவார். உணர்வில்லாதவரின் பாதத்தில் அது நான்கு நாள் இருந்தது. நீரிழிவு நோயாளிகளின் பாதத்தில் இந்த பிளாஸ்டர்களை ஒட்டவே கூடாது.

காய்ப்பைத் திறந்தபோது

காய்ப்பு உருவாவது அழுத்தத்துக்கு எதிரான பாதுகாப்பு. உணர்விழந்த பாதத்தில் அது செருப்புக்குள் கிடக்கும் கல்லாகிவிடுகிறது. அதைச் சீவி எடுத்தாலே அந்த இடத்தின் உச்ச அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. தொழுநோயாளிகளின் பாதங்களில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் கண்டறிந்ததும் இதைத்தான்: புண் வருவது கெட்ட சதையால் அல்ல, வலி தடுக்காததால் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான அடிகள் விழுவதால். நீரிழிவுப் பாத மருத்துவம் அங்கிருந்து கற்றுக்கொண்டது ஏராளம்.

15ஆம் எண் பிளேடு கொண்டு, தோலுக்கு ஏறக்குறைய இணையாகப் பிடித்து, மெல்லிய தகடுகளாகச் சீவப்பட்டது. ஆழமாக ஒரே வெட்டாக எடுக்கக் கூடாது. மறு கையின் கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தால் பிளேடு வழுக்காது. முதல் தகடுகள் சாம்பல் மஞ்சளாக, நகத் துண்டுபோல் உலர்ந்து வந்தன. அதன் பின் வந்தவை ஈரமாக இருந்தன. கரும்புள்ளி ஒவ்வொரு சீவலுக்கும் அகலமாகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பிளேடின் முனையில் இலேசான அழுத்தம் விட்டுப்போனது. கலங்கிய, நீர்த்த சீழ் அரை மில்லியளவு வெளியேறியது. அடியில் இருந்த குழியின் விளிம்புகள் உள்நோக்கிக் குடைந்திருந்தன. தொங்கிய விளிம்பை எல்லாப் பக்கமும் வெட்டி நீக்கிய பிறகு புண்ணின் அளவு 14 × 12 மி.மீ., ஆழம் 3 மி.மீ. வெளியே தெரிந்த புள்ளி 4 மி.மீ. மட்டுமே என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். சீவிய பிறகு எடுப்பதே முதல் அளவு. அதற்கு முன் எடுத்த அளவோடு பின்னாளைய அளவை ஒப்பிட்டால் புண் பெரிதானதுபோல் தோன்றும்.

மழுங்கிய உலோகக் கம்பியை மெதுவாக அடிவரை செலுத்திப் பார்த்ததில் எலும்பின் கடினம் தட்டுப்படவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு இல்லை. ஆனால் எலும்புத் தொற்று எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் மூன்றாம் வாரத்தில் மீண்டும் எடுக்கத் தேதி குறிக்கப்பட்டது. (அதிலும் மாற்றம் இல்லை.) கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குப் புண்ணின் மேல்பரப்பில் பஞ்சுக் குச்சியைத் தடவி அனுப்பவில்லை. அதில் தோலில் வாழும் கிருமிகள் எல்லாம் வளரும், தேவையற்ற மருந்துகள் சேரும். உப்புநீரால் கழுவிய பின் அடித்தளத்திலிருந்து கியூரெட் என்ற சிறு கரண்டியால் சுரண்டிய திசு அனுப்பப்பட்டது. மெத்திசிலின் வகை ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது.

புண்ணைச் சுற்றிய சிவப்பு 1.2 செ.மீ. இரண்டு செ.மீ.க்குள், தோலையும் அதன் அடித்திசுவையும் தாண்டாத தொற்று 'லேசானது' என்ற வகை. செஃபலெக்சின் 500 மி.கி. நாளுக்கு நான்கு முறை, பத்து நாள். சிவப்பு நான்காம் நாளே வடிந்தது. புண் ஆறும் வரை ஆன்டிபயாடிக்கைத் தொடரும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதற்குப் பயன் இல்லை. ஆன்டிபயாடிக் தொற்றைத்தான் ஆற்றும், புண்ணை அல்ல. தொற்றில்லாத புண்ணுக்கு அது வேண்டவே வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி விவரம் சரிபார்க்கப்பட்டது. புண்ணின் மேல் கசிவை உறிஞ்சும் சாதாரண ஃபோம் கட்டு மட்டுமே போடப்பட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவதை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது, நுரைப்பது சுத்தமாவதன் அடையாளம் என்று அவர் நம்பியிருந்தார்.

பூஞ்சை

விரலிடுக்கிலிருந்தும் குதிகாலிலிருந்தும் சுரண்டிய செதிலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டிலும் பூஞ்சை இழைகள் தெரிந்தன. வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் பவளச் சிவப்பு ஒளிரவில்லை, ஆகவே எரித்ராஸ்மா என்ற பாக்டீரியத் தொற்று விலக்கப்பட்டது. வெளுத்த விரலிடுக்கு எல்லாமே பூஞ்சை அல்ல என்பதால் இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

ஸ்டீராய்டுக் களிம்பு நிறுத்தப்பட்டது. நிறுத்திய மூன்றாம் நாளிலிருந்து சில நாள் சிவப்பும் அரிப்பும் கூடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. சொல்லாவிட்டால் பழைய களிம்புக்கே திரும்பியிருப்பார். நகமும் உள்ளங்காலும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்ததால் கல்லீரல் சோதனைக்குப் பின் டெர்பினஃபின் மாத்திரை 250 மி.கி. நாளுக்கு ஒன்று, 12 வாரம். இவருக்கு ஏன் டெர்பினஃபின் என்பதற்குக் காரணம் உண்டு. மற்ற பூஞ்சை மாத்திரைகளில், ஃப்ளூகோனசோல் கிளிமிபிரைடு உடலில் சிதைவதைத் தடுக்கும், சர்க்கரை திடீரெனத் தாழும். இட்ராகோனசோல் அட்டோர்வாஸ்டாட்டினின் அளவை உயர்த்தித் தசையைப் பாதிக்கலாம். நீரிழிவு நோயாளிக்குப் பூஞ்சை மாத்திரை எழுதும்முன் மற்ற மாத்திரைப் பட்டியலைக் கேட்காமல் எழுதுவது ஆபத்து.

விரலிடுக்குக்குக் களிம்பைவிட முக்கியமானது உலர்த்துவது. கழுவிய பின் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, மடித்த காஸ் (கட்டுப்போடும் வலைத்துணி) துண்டு ஒன்றை விரல்களுக்கு நடுவே தளர்வாக வைத்து, நனைந்ததும் மாற்ற வேண்டும். இறுக்கித் திணித்தால் விரலின் இரத்த ஓட்டமே குறையும். பவுடரை அள்ளிப் போட்டால் ஈரத்தில் கட்டியாகி உராயும். பத்தாம் நாள் வெடிப்பு மூடியது.

குதிகாலுக்கு 20 சதவீத யூரியா கிரீம், காலையும் இரவும். கைவிரல் நுனியிலிருந்து முதல் கணு வரை நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம். ஒரு பாதத்துக்கு அப்படி இரண்டு அளவு போதும். வெடிப்பின் தடித்த விளிம்புகள் முதலில் சீவப்பட்டன, இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியிலும் அவை இழுபட்டு வெடிப்பு விரியும். விரலிடுக்கில் கிரீம் கூடாது என்பதை வாயால் சொன்னதோடு நில்லாமல், அவரது பாதத்தின் மேலேயே பேனாவால் கோடு போட்டுக் காட்டப்பட்டது.

பளு இறக்கம், அதில் நடந்த தவறு

உள்ளங்கால் புண்ணுக்கு முதன்மைச் சிகிச்சை பளு இறக்குவது, அதாவது நடக்கும்போது புண்ணின் மேல் எடை விழாமல் செய்வது. கழற்ற முடியாத, முழங்கால் வரை வரும் மாவுக்கட்டோ 'பூட்' எனப்படும் மருத்துவக் காலணியோதான் இதில் சிறந்தது. ஆனால் தொடக்கத்தில் தொற்றும் லேசான இரத்தக் குறைவும் சேர்ந்திருந்ததால் தினமும் புண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் கழற்றக்கூடிய 'பூட்' கொடுக்கப்பட்டது. இரண்டாம் வாரம் அளந்தபோது புண் 13 × 12 மி.மீ. அசையவே இல்லை. தொற்று போயிருந்தது, சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது, கட்டு சுத்தமாக இருந்தது. பூட்டின் அடிப்பகுதியோ புதிதுபோல் இருந்தது. கேட்டபோது, வெளியே போகும்போது மட்டும் போடுவதாகச் சொன்னார். வீட்டுக்குள் நடப்பதையும் இரவில் கழிப்பறைக்குப் போவதையும் அவர் 'நடை' என்ற கணக்கில் சேர்க்கவில்லை. இது ஒழுங்கீனம் அல்ல. வலிக்காத காலைக் காப்பாற்றும்படி உடல் நினைவூட்டுவதில்லை, அறிவு மட்டும் அந்த வேலையை நாள் முழுக்கச் செய்ய முடியாது.

தொற்று அடங்கியிருந்ததால் அன்றே அதே பூட்டைச் சுற்றி ஃபைபர்கிளாஸ் பட்டை ஒட்டிக் கழற்ற முடியாதபடி செய்யப்பட்டது. முதல் மாற்றம் மூன்றாம் நாள். வீக்கம் வடிந்து உள்ளே தளர்ந்தால் பூட்டே புதுப் புண்ணை உண்டாக்கும். அதன் பின் வாரம் ஒருமுறை. பூட்டால் வலது கால் உயர்ந்ததால் இடது செருப்பின் அடி அதே அளவு உயர்த்தப்பட்டது. இதைச் செய்யாவிட்டால் இடுப்பு வலியும் தடுமாற்றமும் வரும், இடது பாதத்தில் பளு கூடும். அந்தக் காலும் ஒவ்வொரு வாரமும் பார்க்கப்பட்டது. காய்ச்சல், கட்டிலிருந்து நாற்றம், கசிவுக் கறை, காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, இவற்றில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும். வலி தெரியாதவருக்குச் சர்க்கரை ஏற்றமே தொற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

நான்காம் வாரம் 10 × 8 மி.மீ. தொடக்கப் பரப்போடு ஒப்பிட்டால் 52 சதவீதக் குறைவு. நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகாவிட்டால் இரத்த ஓட்டம், எலும்பு, பளு இறக்கம் மூன்றையும் முதலிலிருந்து மறுபடி ஆராய வேண்டும். இங்கே தேவைப்படவில்லை. ஏழாம் வாரம் 5 × 4. பத்தாம் வாரம் மூடியது. மூடிய அன்றே பூட்டைக் கழற்றவில்லை, புதிய தோல் ஈரக் காகிதம்போல் மெலிதாக இருக்கும் என்பதால் மேலும் இரண்டு வாரம் நீடித்தது. நாள் முழுக்கச் செயல்படும் அடிப்படை இன்சுலின் சேர்த்ததில் பன்னிரண்டாம் வாரம் எச்பிஏ1சி 7.6. சர்க்கரை வேகமாக இறங்கும்போது விழித்திரைப் பாதிப்பு கூடலாம் என்பதால் தொடங்கும் முன்பே கண் பரிசோதிக்கப்பட்டது.

ஆறிய பிறகு

ஆறிய புண்களில் சுமார் 40 சதவீதம் ஒரே ஆண்டுக்குள் திரும்ப வருகின்றன. அடிமூட்டின் துருத்தலும் நரம்பின் சேதமும் அப்படியே இருக்கும்போது இது வியப்பில்லை. செருப்பு, அவரது பாத வார்ப்பிலிருந்து செய்த உள்மெத்தையோடும், முன்பக்கம் வளைந்த கெட்டி அடியோடும் தரப்பட்டது. மிக நீண்ட விரலுக்கு முன்னால் உள்ளே 1 முதல் 2 செ.மீ. இடம் இருக்க வேண்டும். அளவெடுப்பது மாலையில், நின்ற நிலையில். காலையில் அளந்த செருப்பு மாலை வீக்கத்தில் இறுகும். அணியும்முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பது தினசரி வேலை.

கழுவும் நீர் 37 டிகிரியைத் தாண்டக் கூடாது, அதை வெப்பமானியால் பார்க்க வேண்டும், காலால் சோதிக்கவே கூடாது. ஊற வைப்பதும் வேண்டாம். வீட்டில் தினமும் ஒவ்வொரு காலிலும் ஆறு இடங்களில் வெப்பம் அளந்து குறித்துவைக்கிறார். ஒரே இடத்தில் வேறுபாடு இரண்டு நாள் தொடர்ந்து 2.2 டிகிரியைத் தாண்டினால் நடையைக் குறைத்துவிட்டுத் தொடர்புகொள்ள வேண்டும்.

ஆறிய ஐந்தாம் வாரத்திலேயே அதே இடத்தில் காய்ப்பு மீண்டும் தடித்தது. இப்போது நான்கு வாரத்துக்கு ஒருமுறை சீவப்படுகிறது, கரும்புள்ளி இல்லை. பதினாறாம் வாரம் நான்காம் இடுக்கு மீண்டும் இலேசாக வெளுத்தது. மழையில் நனைந்த காலுறையோடு நாள் முழுக்க நின்றிருந்தார். இம்முறை அரிப்பு வரும்வரை காத்திருக்கவில்லை. மனைவி தினமும் கண்ணாடி வைத்துப் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பார்ப்பதால் இரண்டாம் நாளே தெரிந்தது. காஸ் துண்டும் ஒரு வாரம் டெர்பினஃபின் களிம்பும் போதுமாயின. இருபத்தாறாம் வாரப் பரிசோதனையில் தோல் முழுமையாக இருந்தது, அடிமூட்டின் வெப்ப வேறுபாடு 0.6 டிகிரி.